உள்ளூரிலேயே லாரித் தொழில்: புதிய டிரைவர்களுக்குச் சில குறிப்புகள்

கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம், புதிதாக லாரி ஓட்டக் கற்ற வாலிபர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மனைவி மக்களைப் பிரிந்து வடநாட்டுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போகாமல், உள்ளூரிலேயே பிழைக்க இயலுமா என்பதே அது. இயலும், ஆயினும் இத்தொழிலின் மேடு பள்ளங்களை முன்னரே அறிதல் அவசியம்.

லைசென்ஸ்

சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வண்டி லைசென்ஸ் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே கனரக வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ் கிடைக்கும். அந்த ஓராண்டை வீணாக்க வேண்டுவதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் கொண்டே ஓட்டலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

பருவம் அறிதல்

நமது பகுதியில் லாரிக்கு வேலை தருவது நெல்லே. செப்டம்பர், அக்டோபரில் குறுவையும், ஜனவரி முதல் மார்ச்சு வரை சம்பாவும் தாளடியும் அறுவடையாகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து சேமிப்புக் கிடங்குகளுக்கும், திருவாரூர், நீடாமங்கலம் ரயில் நிலையங்களுக்கும் மூட்டைகள் செல்கின்றன. மற்ற மாதங்களில் சரக்கு குறையும். ஆகவே, உரம், செங்கல், வைக்கோல் முதலியன ஏற்றுவோரையும் அறுவடைக் காலத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளல் வேண்டும்.

கூலிப் பேச்சு

இரு குழந்தைகளின் தந்தையான ஒரு வாலிபரை நாம் அறிவோம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலைக்குச் சேர்ந்தார். கிடங்கு வாயிலில் பாரத்துடன் நான்கு நாள் காத்திருந்தார்; மழைக்குத் தார்ப்பாயும் போர்த்திக் காத்தார். நடை ஒன்றே என்பதால் கூலியும் ஒன்றே கிடைத்தது. அதுவும் வாங்கிய முன்பணத்தில் கழிந்தது. வெறுங்கையுடன் வீடு திரும்பினார். காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா, முன்பணம் எவ்வாறு கழியும் என்பவற்றை முதல் நாளே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

பாரத்தின் கணக்கு

பதிவுச் சான்றில் வண்டியின் மொத்த எடையும் வெறும் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஏற்றத்தக்க பாரம் தெரியும். அது 10 டன் எனில், 40 கிலோ மூட்டைகள் 250 ஏற்றலாம். 300 மூட்டை ஏற்றினால் 2 டன் மிகை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி மிகைப் பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, அதற்குமேல் டன்னுக்கு ரூ. 2,000. எனவே இதற்கு ரூ. 24,000 ஆகிறது. ஏற்றச் சொன்னவரேயன்றி, ஓட்டியவரும் இதற்குப் பொறுப்பாளி. "முதலாளி சொன்னார்" என்பது விடையாகாது. வாய்க்கால் கரைச் சாலைகளில் மிகைப் பாரம் உயிருக்கும் ஆபத்து.

பஞ்சாயத்தாரின் கடமை

ஆகஸ்டு 15 கிராம சபை குறுவை அறுவடைக்கு முன்னரும், ஜனவரி 26 கிராம சபை சம்பா அறுவடையை ஒட்டியும் கூடுகின்றன. ஊரிலுள்ள லைசென்ஸ் பெற்ற டிரைவர்களின் பட்டியலை அப்போது தயாரித்து லாரி உரிமையாளர்களுக்கு அறிவிக்கலாம். தொழிலாளர் துறையின்கீழ் உள்ள ஓட்டுநர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்யவும் வழிகாட்டலாம். விவசாயிகளும் தம் ஊர் வாலிபருக்கு முதல் வாய்ப்பளிப்பார்களாக. நம் நெல்லை ஏற்றிச் செல்பவர் இரவில் தம் வீடு திரும்பி உண்பாராயின், அதுவும் கிராம முன்னேற்றமே.