நீர் வடிகட்டும் துணி

நீரை வடிகட்டி அருந்துதல் நம் இல்லங்களில் அறமாகவே கற்பிக்கப்பட்டு வருகிறது. அஃது உடலையும் காக்கும் என்பதற்கு நரம்புச் சிலந்தி நோய் நல்ல சான்றாகும். படிக்கிணறுகளிலும் குளங்களிலும் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிரியின் உடலில் இப்புழுவின் இளம்பருவம் தங்கும். அந்நீரைப் பருகியவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி, முழத்திற்கும் மேற்பட்ட நீளத்துடன் வெளிப்படும். தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. துணியால் வடிகட்டியதும், படிக்கிணறுகளை மாற்றியமைத்ததும் பெரிதும் உதவின. 1996-இல் ராஜஸ்தானில் கண்ட நோயாளியோடு இந்தியாவில் அந்நோய் முடிவுற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2000-இல் இதனை உறுதிசெய்தது.

வங்காளதேசத்து மட்லப் வட்டாரச் சிற்றூர்களில் நடந்த ஆய்வொன்று 2003-இல் வெளியாயிற்று. பழஞ்சேலையை நான்காக மடித்து வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அக்கிருமிகள் நீரிலுள்ள நுண்ணுயிரிகளை ஒட்டி வாழ்வதே காரணம். பலமுறை துவைத்த பருத்தித் துணியில் இழைகள் நெகிழ்ந்து கண்கள் சிறுத்துவிடுவதால், புதுச்சேலையினும் பழையதே நன்று. (பாட்டிமார் பழந்துணி தேடியதைச் சிக்கனம் என்றல்லவா எண்ணினோம்!)

எனினும் டைபாய்டு, மஞ்சட்காமாலைக் கிருமிகள் துணியைக் கடந்துவிடும். ஆதலின் அபிராமபுரத்துக் குழாய்நீராயினும், விடுமுறையில் செல்லும் வந்தவாசிப் பக்கத்துக் கிணற்றுநீராயினும், வடிகட்டிய பின் ஒரு நிமிடமேனும் நன்கு கொதிக்கவிட்டு மூடி வைத்தல் வேண்டும். துணியை ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்துக. மேற்பக்கத்தில் ஓர் அடையாளம் தைத்துக்கொண்டால், மறுமுறை பக்கம் மாறிப் பழைய அழுக்கு பானைக்குள் இறங்காது.