டி.ஏ.பி. தட்டுப்பாடு ஏன்?

நடவு நேரத்தில் டி.ஏ.பி. உரம் கடையில் இருப்பதில்லை. உள்நாட்டிலேயே தயாரிக்க அரசு முயலவில்லையா?
— நெல் விவசாயி, மன்னார்குடி

யூரியாவில் முயன்று பெருமளவு வென்றிருக்கிறது. பழைய ஆலைகள் மூடிக்கிடந்த ராமகுண்டம், கோரக்பூர், சிந்த்ரி, பரவுனியில் 2021, 2022-இல் புது ஆலைகள் வந்தன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் திறன்.

டி.ஏ.பி. கதை வேறு. அதன் மூலப்பொருளான பாஸ்பேட் பாறை நம் மண்ணில் குறைவு. மொராக்கோ, ஜோர்டானிலிருந்து வர வேண்டும். சீனா டி.ஏ.பி. ஏற்றுமதியை இறுக்கினாலும் இங்கே தட்டுப்பாடு. அதனால்தான் 2025 ஜூலையில் சவூதியின் மாதென் நிறுவனத்தோடு ஆண்டுக்கு 31 லட்சம் டன் டி.ஏ.பி. வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல முடிவு, ஆனாலும் இறக்குமதிதான்.

கடைக்கு நடையாய் நடக்க வேண்டாம். ஒரு மூட்டை டி.ஏ.பி.க்குப் பதில் மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட், 20 கிலோ யூரியா போதும். தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு. கந்தகச் சத்து கூடுதல்.