முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை: எவ்வளவு? எத்தனை நாள்?



தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நாற்று நடவு, சித்தாள் வேலை என்று நம் முதுகு படும் பாடு நமக்குத் தெரியும். டிஸ்க் விலகி நரம்பை அழுத்தினால் சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது. அதன் பிறகு வரும் வலியை எப்படிச் சமாளிப்பது? இந்த மாதம் அதைத் தெரிந்துகொள்வோம்.

அபினி வகை மருந்து

மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படும் மருந்து. ட்ரமடால் ஆலையில் தயாராவது; ஆனாலும் உடம்பில் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களுக்கு இவை பெரிய உதவி. பயந்துகொண்டு பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாதக் கணக்கில் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடும்; பழைய அளவு போதாது. மலச்சிக்கல், வாந்தி, தலைசுற்றல் வரும். அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடலாம். பலர் தவறாகப் பயன்படுத்தியதால்தான் 2018-ல் மத்திய அரசு ட்ரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

டாக்டர்கள் செய்வது என்ன?

ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல், பல வழியில் வலியைக் குறைக்கிறார்கள். பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஆபரேஷன் செய்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி, சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பது என எல்லாம் சேரும்போது அபினி வகை மருந்து கொஞ்சமே போதும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டுக்குப் புறப்படும்போதே, "இதுல எந்த மாத்திரை அபினி வகை? எத்தனை நாளைக்கு? எப்படிக் குறைக்கணும்?" என்று கேளுங்கள்.
2. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீக்க மாத்திரை ஒத்துக்கொள்ளாது.
3. ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை உண்டு. அதோடு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் அளவு கூடி ஈரல் கெடும்.
4. தூக்க மாத்திரை, மது இரண்டும் இதோடு சேரவே கூடாது.
5. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்காதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.
6. காலில் பலம் குறைந்தால், சிறுநீர் வராவிட்டால், காய்ச்சலோ புண்ணில் சீழோ கண்டால் மாத்திரை போட்டு அடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்டவரை எழுப்ப முடியாவிட்டால், மூச்சு குறைந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை எதற்கு?

"வேலை கிடக்கு, ஒரு மாத்திரைய போட்டுக்கிட்டு எழுந்துடலாம்" என்பது நம் வீடுகளில் கேட்கிற பேச்சுதான். பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. மாத்திரை தருவது நடக்கவும் தூங்கவும். குடம் தூக்குவதற்கு அல்ல. வலி தெரியாமல் பாரம் தூக்கினால் ஆறுகிற முதுகு மறுபடி கெடும். ஓய்வு கிடைத்தால் மாத்திரை தானாகவே குறையும். அந்த ஓய்வை வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும், குழுவில் உள்ள நாமும்தான் தர முடியும்.

குழுக் கூட்டத்தில் பேச:

- நம் குழுவில் யாராவது மாதக் கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுகிறார்களா? அது என்ன மாத்திரை?
- ஆபரேஷன் முடிந்த உறுப்பினருக்குத் தண்ணீர் எடுத்துத் தர யார் முறை போடுவது?
- அந்த மாதங்களில் அவருடைய கடன் தவணைக்கு என்ன வழி?

பேசி எடுக்கும் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.