முறை யாருடையது?

பௌத்த இலக்கியப் பாடத்துக்காக ஜாதகக் கதைகளை வாசித்தேன். பாளியில் உள்ள 547 கதைகளுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 12ஆவது கதையான நிக்ரோதமிருக ஜாதகம்.

காசி அரசனின் பூங்காவில் இரண்டு மான் கூட்டங்கள் அடைபட்டிருந்தன. வேட்டையில் பல மான்கள் வீணே காயமுற்றதால், நாளுக்கொரு மான் முறைப்படி வெட்டுக்கட்டைக்குச் செல்வதென இரு தலைவர்களும் உடன்பட்டனர். ஒருநாள் முறை, கருவுற்ற பெண்மானுக்கு வந்தது. குட்டி ஈன்றபின் வருவதாக அது கெஞ்சியது. அதன் தலைவனான சாகமான், “உன் முறையை இன்னொன்றின் மேல் சுமத்த முடியாது” என மறுத்தது. மற்றக் கூட்டத்தின் தலைவனான நிக்ரோதமானோ, அரசன் தனக்கு முன்பே அபயம் அளித்திருந்தும், தானே சென்று கட்டையில் தலை வைத்தது.

சாகமான் சொன்னதிலும் நியாயம் உண்டு. நிக்ரோதமானும் அந்த நியாயத்தை மீறவில்லை. வேறொரு மானை அனுப்பவில்லை. நாம் காட்டும் இரக்கத்தின் விலையைப் பிறர் தலையில் கட்டக்கூடாது என்பதே நான் கற்ற பாடம்.

நெகிழ்ந்த அரசன் இரு மான்களுக்கும் உயிர் கொடுத்தான். நிக்ரோதமான் அதோடு நிற்காமல் மற்ற மான்கள், நாற்கால் விலங்குகள், பறவைகள், மீன்கள் அனைத்துக்கும் அபயம் கேட்டுப் பெற்றது.

தோழியரே, வகுப்பிலோ வீட்டிலோ “இது உன் முறைதானே” என்று சொல்லுமுன் அந்த மானைச் சற்று நினைத்துப் பாருங்கள்.