தொழில் பாடம்: ஒரே வயரில் மின்சாரமும் படமும்



நம் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்ததும் வெளியூர்க் கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். கல்லாவில் காசு குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது அந்தப் பிள்ளைகள் மேல்தான். கமராவில் படம் இருந்தால் உண்மை தெரிந்துவிடும். படம் இல்லாவிட்டால்? கமரா பூட்டுவது ஒரு நல்ல கைத்தொழிலும்கூட. ஆகவே இம்முறை அதைப் படிப்போம்.

உதாரணத்துக்குக் கல்முனையில் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். முன்வாசல், கல்லா, களஞ்சியம், பின்பக்கம் என்று 4 கமரா. பின்பக்கக் கமராவுக்கு வயர் 80 மீட்டர் ஓடுகிறது.

வயருக்குள் என்ன இருக்கிறது?

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கேபிளில் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 சோடிகள். முறுக்கு இருப்பதால் வெளி மின்சாரத்தின் இடைஞ்சல் குறையும். முனையைப் பூட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. இதே கேபிளில் மின்சாரமும் அனுப்பலாம். அதற்கான பொது விதிமுறை 2003இல் வந்தது. ஒரு கமராவுக்குச் சுவிச் 15.4 வாட் வரை கொடுக்கும். 2009இல் அது 30 வாட் ஆனது. கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இரவில் ஏன் படம் நிற்கிறது?

மேட்டுத் தொட்டியிலிருந்து ஒல்லிக் குழாயில் தண்ணீர் எடுத்தால் கடைசி லயத்துக்கு வேகம் குறைந்துதானே வரும்? மின்சாரமும் அப்படித்தான்.

6 வாட் கமராவுக்கு 12 வோல்ட் அனுப்பினால் அரை அம்பியர் ஓட வேண்டும். போக ஒரு சோடி, வர ஒரு சோடி என்று இணைத்தாலும், 80 மீட்டர் செம்புக் கம்பியில் ஏறக்குறைய 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கமராவுக்கு 8 வோல்ட்தான் மிச்சம். பகலில் எப்படியோ ஓடும். இருட்டியதும் கமராவின் இரவு விளக்கு எரியும், மின்சாரம் கூடுதலாக வேண்டும், கமரா நின்றுவிடும். தேவைப்படும் நேரத்தில் படம் இல்லை!

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது அம்பியரில் எட்டில் ஒரு பங்குதான். இழப்பு 1 வோல்ட்டுக்கும் குறைவு. சுவிச்சிலிருந்து மின்சாரம் அனுப்பும் முறையின் இரகசியம் இதுதான்.

கவனிக்க வேண்டியவை

1. கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவு கேபிளில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அதில் இழப்பு அதிகம், சூடும் ஏறும்.

2. சுவிச்சின் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். 8 துளை இருப்பதால் 8 கமரா ஓடும் என்று நினைக்கக் கூடாது. இரவில் ஒன்றுக்கு 7 வாட் என்றால் எட்டுக்கு 56 வாட். 60 வாட் சுவிச்சில் கை வைக்க இடமில்லை.

3. விதிமுறைப்படி செய்த சுவிச், எதிரே இருப்பது மின்சாரம் ஏற்கும் கருவிதானா என்று சோதித்த பிறகே மின்சாரம் விடும். சில மலிவுச் சாதனங்கள் சோதிக்காமலே விடும். அவற்றில் வேறு கருவியைச் செருகினால் அது எரிந்துபோகலாம்.

4. கல்முனையில் உப்புக்காற்று, நம் மலையில் பனிமூட்டம். இரண்டும் பிளக்கின் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். வெளியே உள்ள இணைப்பைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே வளைந்து தொங்கட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

5. 230 வோல்ட் வயரோடு இதைச் சேர்த்துக் கட்டவே கூடாது. உரசித் தோல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையைத் தகுதி பெற்ற மின் பணியாளரிடம் விடுங்கள்.

இன்னொரு இலாபமும் உண்டு. 2022இல் மணிக்கணக்காக நடந்த மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த முறையில் சுவிச்சுக்கும் பதிவுப்பெட்டிக்கும் ஒரே பேட்டரி வைத்தால் போதும், அது தாங்கும் வரை எல்லாக் கமராவும் ஓடும்.

பயிற்சி: ஒரு கடையில் 6 கமரா. இரவில் ஒவ்வொன்றும் 9 வாட் எடுக்கும். 48 வாட் சுவிச் போதுமா? தம்பி தங்கைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

(விடை: போதாது. 54 வாட் வேண்டும்.)