நடுவில் வேகாத பட்டை ரொட்டி

கேள்வி: நாங்கள் டெக்சஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகன் அவன் சிநேகிதன் வீட்டில் மங்கி பிரெட் என்ற பட்டை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "நீயும் செய்மா" என்று ஒரு மாதமாகக் கேட்கிறான். குளிர்பெட்டி வரிசையில் டியூபில் அடைத்து விற்கும் பிஸ்கட் மாவுதான் போதும், ரொம்பச் சுலபம் என்றார்கள். மூன்று பெரிய டியூப் வாங்கினேன். ஒவ்வொரு பிஸ்கட்டையும் இரண்டாக வெட்டி, சர்க்கரையும் பட்டைத் தூளும் புரட்டி, 9 அங்குல வட்டக் கேக் பாத்திரம் நிறைய அடுக்கினேன். மாவு நன்றாகப் பொங்கட்டும் என்று அடுப்பு மேடையில் ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். பேக்கிங் அவனில் வைத்த 25 நிமிடத்தில் மேல்பக்கம் கறுத்துவிட்டது. வெளியே எடுத்து, சூடு பிள்ளைகள் கையைச் சுட்டுவிடுமே என்று நன்றாக ஆறவிட்டேன். கவிழ்த்தால் வரவில்லை. பாகு கல்லாக இறுகிவிட்டது. கத்தியால் பெயர்த்துப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு. பையன் ஒன்றும் சொல்லாமல் ஓரத்தை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டான். எங்கே தவறினேன்? கோடை விடுமுறைக்கு மதுரை போகிறோம். அந்த டியூப் அங்கே கிடைக்காது. அம்மா வீட்டு சின்ன அவனில் இதைச் செய்ய வழி உண்டா?
— ஒரு வாசகி

பதில்: பையன் ஓரத்தையாவது ருசித்துச் சாப்பிட்டானே, அதிலிருந்து தொடங்குவோம். ஓரம் சரியாக வந்திருக்கிறது என்றால் உங்கள் மாவிலும் கைப்பக்குவத்திலும் குறை இல்லை. சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இந்த ரொட்டியைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த ஒரு இடத்தில்தான். நானும் முதல் இரண்டு தடவை இதே பச்சை மாவைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு. இட்லிக்கும் தோசைக்கும் அரைத்துப் பழகிய கைக்கு மாவென்றால் பொங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் டியூபில் வரும் அமெரிக்க பிஸ்கட் மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் வகைதான். (நம் ஊர் பிஸ்கட்டை நினைக்க வேண்டாம். இங்கே பிஸ்கட் என்றால் மெத்தென்ற சின்ன பன்.) அந்தப் பவுடர் தன் வேலையின் பெரும்பகுதியை அடுப்புச் சூட்டில்தான் செய்யும். வெளியே வைத்திருந்தால் மாவு பொங்காது. இளகிப் பிசுபிசுக்கும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகும். மேலே புரட்டிய சர்க்கரை மாவிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நீராக அடியில் தேங்கும். ஆக, உங்கள் பாத்திரத்துக்குள் நூறு சின்ன உருண்டைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய களி உருண்டை இருந்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் சூடு எப்படிப் போகும்?

டியூபைத் திறப்பதிலிருந்தே இதற்கு அவசரம் வேண்டும். மேல் காகிதத்தை உரித்து, மடிப்பு ஓடும் கோட்டில் கரண்டிக் காம்பால் அழுத்தினால் டப்பென்று வெடித்துத் திறக்கும். உள்ளே அடைபட்டிருந்த வாயுவின் அழுத்தம் அது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் லைவ்லி வில்லோபி என்பவர் 1931இல் காப்புரிமை பெற்ற அடைப்பு முறையின் வழி வந்தது இந்த டியூப். அவர் வேலை பார்த்த பாலார்ட் நிறுவனத்தை 1951இல் பில்ஸ்பரி வாங்கிய பிறகு அமெரிக்கச் சமையலறைகளில் அந்தச் சத்தம் கேட்காத வீடு குறைவு. டியூபைத் திறக்கும் வேலையைப் பையனிடமே கொடுங்கள், மகிழ்ந்துபோவான். ஆனால் பேக்கிங் அவனை முன்பே சூடாக்கி, பாத்திரத்துக்கு வெண்ணெய் தடவி, சர்க்கரையைக் கலந்து வைத்துவிட்டுத்தான் டியூபைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். திறந்தது முதல் மாவு பேக்கிங் அவனுக்குள் போவது வரை கால் மணிக்கு மேல் ஆகக்கூடாது.

அடுத்தது பாத்திரம். இந்த ரொட்டியை நடுவில் குழல் உள்ள வளையப் பாத்திரத்தில் சுடுகிறார்களே, அது அழகுக்காக மட்டும் இல்லை. இதன் மூதாதை ஹங்கேரி நாட்டு அரனிகலுஷ்கா. பெயருக்குப் பொன் உருண்டை என்று பொருள். ஈஸ்ட் மாவு உருண்டைகளை வெண்ணெயில் தோய்த்து, சர்க்கரையும் வால்நட் பொடியும் புரட்டி அடுக்கிச் சுடுவார்கள். ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களோடு அது அமெரிக்கா வந்தது. பெட்டி க்ராக்கர் சமையல் புத்தகம் 1972இல் அதை ஹங்கேரியன் காஃபி கேக் என்று அச்சிட்டது. அந்தக் குழல் பாத்திரத்துக்கும் யூதப் பெண்களோடு தொடர்பு உண்டு. மினியாபொலிஸ் நகரில் ஹதாசா என்ற யூத மகளிர் அமைப்பைச் சேர்ந்தவர்கள், தங்கள் தாய்மார் கூகல்ஹோஃப் கேக் சுட்ட குழல் பாத்திரம் போல ஒன்று வேண்டுமென்று நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்க்விஸ்ட்டைக் கேட்டார்கள். 1950இல் அவர் அலுமினியத்தில் வார்த்துக் கொடுத்ததுதான் இன்றைய பண்ட் பாத்திரம். நடுவில் குழல் ஏன் வேண்டும் என்பது உங்கள் வட்டப் பாத்திரத்தின் நடுவைப் பார்த்தால் புரியும். குழல் இருந்தால் சூடு வெளிச்சுவரிலிருந்தும் வரும், உட்சுவரிலிருந்தும் வரும். எந்த உருண்டையும் சுவரிலிருந்து அதிக தூரத்தில் இருக்காது.

பண்ட் பாத்திரம் இல்லையென்றால் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. உங்கள் 9 அங்குலப் பாத்திரத்தின் நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்துங்கள். வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, உள்ளே கொண்டைக்கடலையைப் பாதி நிரப்பினால் சாயாது. பாத்திரத்தின் உயரம் மூன்று அங்குலமாவது இருக்கட்டும், மாவு முக்கால் அளவுக்கு மேல் வேண்டாம். மூன்று பெரிய டியூப் அந்தப் பாத்திரத்துக்கு அதிகம், ஒன்றரை போதும். மிச்ச மாவைக் கப்கேக் தட்டில் போட்டுத் தனியாகச் சுட்டுவிடலாம்.

அளவைச் சொல்கிறேன். இது பெரிய பண்ட் பாத்திரத்துக்கான கணக்கு. எட்டு பிஸ்கட் உள்ள பெரிய டியூப் இரண்டு, அதாவது ஏறக்குறைய 920 கிராம் மாவு. அரை கப் வெள்ளைச் சர்க்கரையோடு இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூள். பாகுக்கு உப்பில்லாத வெண்ணெய் ஒரு குச்சி, அது 113 கிராம், கூடவே முக்கால் கப் பிரவுன் சுகர். வழக்கமாக இதைவிட அதிக வெண்ணெயும் ஒரு கப் பிரவுன் சுகரும் சொல்வார்கள். அது எனக்குத் திகட்டுகிறது. அதைவிட முக்கியம், பாகு கூடினால் அடி உருண்டைகள் அதில் ஊறி வேகாமல் சொதசொதவென்று நிற்கும். டியூப் மாவில் ஏற்கெனவே உப்பு தூக்கலாக இருப்பதால் உப்பு வெண்ணெய் வேண்டாம். பிரவுன் சுகருக்குப் பதிலாக இந்தியக் கடை நாட்டுச்சர்க்கரையைச் சலித்துப் போட்டால் வாசனை இன்னும் ஆழமாக இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஒவ்வொரு பிஸ்கட்டையும் ஆறாக வெட்டுங்கள். நாலு போதும் என்பார்கள். கத்தரிக்கோலுக்கு இன்னும் இரண்டு வெட்டு, அவ்வளவுதானே கூடுதல் வேலை? ஆறு என்றால் ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு வரும், நடு வரை நிச்சயம் வேகும். வெட்டிய துண்டுகளைச் சர்க்கரைக் கலவையில் போட்டுக் குலுக்குங்கள். பட்டைத் தூளை உருக்கிய வெண்ணெயில் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அது அடியில் போய்த் தங்கிவிடும், ஒரு உருண்டை கசக்கும், இன்னொன்றில் வாசனையே இருக்காது. சர்க்கரையோடு கலந்தால்தான் எல்லாத் துண்டிலும் சமமாகப் பூசும். பாத்திரத்தில் போடும்போது அழுத்தி நிரப்பாதீர்கள். உதிரியாக விழட்டும். அந்தச் சந்துகளின் வழியாகத்தான் பாகு இறங்கும், ஆவி மேலே வரும்.

வெண்ணெயையும் பிரவுன் சுகரையும் சிறு தீயில் கலக்கி, சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று சேர்ந்ததும் இறக்கி, அடுக்கிய துண்டுகளின் மேல் ஊற்றிவிடுங்கள். கொதிக்கவிட்டுக் காய்ச்சக்கூடாது. உங்கள் பாகு கல்லானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிரசத்துக்குப் பாகு வைக்கும் கை உங்களுடையது என்றால் சொல்லவே வேண்டாம், ஒரு நிமிடம் கூடினால் பதம் எங்கே போகும் என்று தெரியும். இங்கேயும் அதே கதைதான். பாகு பாத்திரத்துக்குள் இன்னும் அரை மணி நேரம் காயப்போகிறது, அடுப்பிலேயே முற்றவிட்டால் பிறகு இளக்க முடியாது.

அவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ். பாத்திரம் கறுப்பு நிறமென்றால் 325 வையுங்கள், கறுப்பு உலோகம் சூட்டை வேகமாக இழுக்கும். கீழிருந்து இரண்டாவது தட்டில், பாகு வழிந்தால் தாங்க அடியில் ஒரு தகடு. 25ஆவது நிமிடம் மேல்பக்கம் சிவந்திருந்தால் அதைக் கண்டு ரொட்டியை வெளியே எடுக்காதீர்கள். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டு இன்னும் 10, 15 நிமிடம் விடுங்கள். மேல்நிறம் மேல்பக்கத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். உணவு வெப்பமானி வைத்திருந்தால் குழலுக்கும் சுவருக்கும் நடுவில் குத்திப் பாருங்கள், 190 ஃபாரன்ஹீட் காட்டினால் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லையா, அதே இடத்தில் இரண்டு உருண்டைகளை முள்கரண்டியால் விலக்குங்கள். உள்ளே பஞ்சு போல இழை தெரிய வேண்டும், பளபளப்புத் தெரியக் கூடாது.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால் வேகாத மைதாவில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். வெட்டும்போது பிள்ளைகள் பச்சை மாவை வாயில் போட்டுக்கொள்வதையும் கவனியுங்கள். சுட்ட ரொட்டியில் நடுவில் பச்சையாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், மறுபடி தாளை மூடி அவனில் வைத்தால் வெந்துவிடும்.

வெளியே எடுத்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கவிழ்த்தால் பாகு ஓடும், ரொட்டி சரியும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பாகு பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏழாவது எட்டாவது நிமிடத்தில் தட்டை மேலே கவிழ்த்துப் பிடித்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். டம்ளர் வைத்திருந்தால் கடலையை முதலில் கரண்டியால் அள்ளிவிட்டு, இடுக்கியால் டம்ளரை உருவி எடுத்த பிறகு திருப்புங்கள். பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும், சூடான பாகு தோலில் ஒட்டினால் எண்ணெயைவிட மோசமாகச் சுடும். ஆறவிட வேண்டுமென்று நீங்கள் நினைத்தது நியாயம்தான், அதைத் தட்டுக்கு மாற்றிய பிறகு செய்யுங்கள். மறந்துபோய் இறுகிவிட்டால், 300 டிகிரியில் நாலைந்து நிமிடம் திரும்ப வைத்தாலே பாகு இளகி விடும்.

பட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடைகளில் தூளாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை. இந்தியக் கடையில் தடித்த மரப்பட்டை போல இருப்பதும் அந்த இனம்தான். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்று சொல்வது வேறு மரம், காகிதம் போல மெல்லிய சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், வாசனை மென்மையானது. இவ்வளவு வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் எதிரே தலைதூக்கி நிற்பது காசியாவின் காரம்தான் என்பதால் இந்த ரொட்டிக்கு நான் அதையே போடுவேன். ஆனால் உங்கள் வீட்டில் தினமும் ஓட்ஸிலும் பாலிலும் பட்டைத் தூள் சேர்க்கும் வழக்கம் இருந்தால், அதற்குக் கறுவா வாங்குங்கள். காசியாவில் உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. எடை குறைந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு சீக்கிரம் எட்டிவிடும்.

இனி மதுரை. டியூப் இல்லாவிட்டால் என்ன, குளிர்பெட்டி இருக்கிறதே. முதல் நாள் இரவு அரைக்கிலோ மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 60 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு, காய்ச்சி ஆறிய பால் 300 மில்லி, கடைசியாக 60 கிராம் மெத்தென்ற வெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் லேசாக ஒட்டும் பதம் சரி, மேலும் மாவு தூவ வேண்டாம். பெரிய பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், காலைக்குள் மெதுவாக இரண்டு பங்காகியிருக்கும். குளிர்ந்த மாவு உருட்டவும் எளிது. பட்டைத் தூளை மட்டும் மாவுக்குள் போட்டுப் பிசையாதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ச் சத்து ஈஸ்ட்டை மந்தப்படுத்தும், வெளியே புரட்டினால் போதும்.

காலையில் உருட்டி அடுக்கிய பிறகு இந்த மாவுக்குத்தான் நீங்கள் டல்லாஸில் கொடுத்த காத்திருப்பு வேண்டும். என் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மதுரைக் கோடையில் முக்கால் மணியிலேயே உருண்டைகள் உப்பி நிற்கலாம், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். பாகை அதன் பிறகு ஊற்றுங்கள், வெதுவெதுப்பாக. சின்ன அவனில் மேல்கம்பி மாவுக்கு மிக அருகில் இருக்கும், எனவே அடித்தட்டில் வைத்து, 170 செல்சியஸில், கால் மணி ஆனதுமே அலுமினியத் தாளை மூடிவிடுங்கள். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். பாட்டி வீட்டில் எவர்சில்வர் டம்ளருக்குப் பஞ்சம் இருக்காது.