எதற்கு எந்த அச்சு?

நுழையும்முன்

எழுதப்பட்ட சொல் மக்களைச் சென்றடைய அச்சு துணைநிற்கிறது. திருமண அழைப்பிதழும் அச்சே. பால் உறையின் மேலுள்ள எழுத்தும் அச்சே. ஆனால் இரண்டும் ஒரே முறையில் அச்சிடப்படுவதில்லை. பொருளுக்கேற்ற அச்சுமுறையைத் தேர்ந்தால் பணம் மிஞ்சும். தவறினால் தாளும் உழைப்பும் வீணாகும். அத்தேர்வின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஈயத்தில் தொடங்கிய தேர்வு

தமிழில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டபோது தாள் மிகுதியாகச் செலவாயிற்று; அக்காலத்தில் தாளோ எளிதில் கிடைக்காத பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் தொடங்கப்பட்டது. கையிருப்பையும் தேவையையும் ஒப்பிட்டு முடிவெடுத்தல் அச்சுத்தொழிலின் தொடக்கம்தொட்டே இருந்துவருவதை இது காட்டுகிறது.

நான்கு வினாக்கள்

அச்சகத்திற்குச் செல்லுமுன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். எத்தனை படிகள் தேவை? எந்தப் பொருளின்மீது அச்சிட வேண்டும்? எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும்? எவ்வளவு விரைவில் வேண்டும்?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலை எடுத்துக்கொள்வோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர் இது. கார்த்திகைத் தீபத் திருவிழாவிற்கும் முழுநிலவு நாளில் மலைவலத்திற்கும் பெருந்திரளான மக்கள் வரும் நகரை ஒட்டியது. இவ்வூர்த் தன்னார்வக் குழு ஒன்று தீப நாளில் அடியார்களுக்கு உதவ முனைவதாகக் கற்பனை செய்வோம். அக்குழுவிற்கு வழிகாட்டும் துண்டறிக்கை, தொண்டர் அடையாள அட்டை, துணிப்பை, நன்கொடைச் சீட்டுப் புத்தகம், வழிகாட்டிப் பலகை ஆகிய ஐந்தும் தேவை.

துண்டறிக்கையும் அடையாள அட்டையும்

ஆஃப்செட் முறையில் அச்சுத்தகட்டிலுள்ள உருவம் முதலில் ரப்பர் உருளைக்கும், அதிலிருந்து தாளுக்கும் மாறுகிறது. பலவண்ண அச்சிற்கு நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு என நான்கு தகடுகள் வேண்டும். தகட்டுச் செலவு பத்துப் படிக்கும் பத்தாயிரம் படிக்கும் ஒன்றே. டிஜிட்டல் முறைக்குத் தகடு தேவையில்லை. கணினியிலிருந்து நேரே அச்சாகும். ஆயினும் ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவு கூடுதல்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 2,000 ரூபாய், படி ஒன்றுக்கு 1 ரூபாய் என்றும், டிஜிட்டலில் படி ஒன்றுக்கு 5 ரூபாய் என்றும் கொள்வோம். 500 படிகளில் இரண்டும் 2,500 ரூபாயாகச் சமமாகும். 100 படிகளுக்கு டிஜிட்டலில் 500 ரூபாய். ஆஃப்செட்டில் 2,100 ரூபாய். 5,000 படிகளுக்கோ டிஜிட்டலில் 25,000 ரூபாய். ஆஃப்செட்டில் 7,000 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறினும் கணக்கின் போக்கு மாறாது. எனவே ஆயிரக்கணக்கில் வேண்டிய துண்டறிக்கைக்கு ஆஃப்செட் ஏற்றது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயரும் படமும் இடம்பெறும் அடையாள அட்டைக்கு டிஜிட்டலே பொருந்தும்.

துணிப்பையும் சீட்டுப் புத்தகமும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்கு 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. துணிப்பையில் அச்சிட ஏற்றது ஸ்கிரீன் அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் திறந்த கண்கள் வழியே மை அழுத்தப்படுகிறது. மை தடிப்பாகப் படிவதால் எழுத்து தெளிவாகத் தெரியும். துணிக்குரிய மையைப் பயன்படுத்தி, அதற்குரிய முறையில் உலர்த்த வேண்டும். இல்லையேல் துவைக்கும்போது எழுத்து மங்கும். வண்ணம் கூடக்கூட வேலையும் கூடுமாதலால் ஒன்றிரண்டு வண்ணங்களே சிக்கனமானவை.

நன்கொடைச் சீட்டுகளுக்குத் தொடர் எண்ணும், கிழிப்பதற்கான துளைவரிசையும் தேவை. ஈய எழுத்துக் கோக்கும் வழக்கம் அருகிவிட்டாலும், இவ்விரு பணிகளுக்கும் பழைய அச்சுப்பொறிகள் இன்றும் உதவுகின்றன.

வழிகாட்டிப் பலகை

கார்த்திகை மழைக்காலம் ஆதலால் பலகை மழையைத் தாங்க வேண்டும். ஃபிளெக்ஸ் பதாகை விரைவில் கிடைக்கும், மழையிலும் நிற்கும். ஆயினும் அதன் நெகிழிப்பூச்சு எளிதில் மட்குவதில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைக்கப்பட்ட பதாகை சரிந்து விழுந்ததால் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். எதில் அச்சிடுவது என்பதோடு எங்கே, எப்படி வைப்பது என்பதும் பொறுப்புடன் எண்ணத்தக்கது. ஆண்டுதோறும் பயன்படும் அறிவிப்பை வண்ணம் பூசிய தகரப் பலகையில் எழுதி வைத்தல் நீடித்த பயன் தரும்.

உறைகள்

பால், தின்பண்டம் போன்றவற்றின் உறைகள் நெகிழிச் சுருள்களில் இலட்சக்கணக்கில் அச்சாகின்றன. அவற்றிற்கு ஃபிளெக்சோ, கிராவூர் முறைகள் கையாளப்படுகின்றன. கிராவூர் உருளையைச் செதுக்கும் செலவு பெரிது. எனவே சிறிய எண்ணிக்கைக்கு அது கட்டுப்படியாகாது.

மெய்ப்பு

எம்முறையைத் தேர்ந்தாலும் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. ஒரு கணினியில் சரியாகத் தெரியும் தமிழ், உரிய எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் சிதைந்து தோன்றலாம். 'பள்ளி' 'பல்லி' ஆனால் பொருளே மாறும். டிஜிட்டலில் பிழையை அடுத்த படியிலேயே திருத்தலாம். ஆஃப்செட்டில் புதிய தகடு செய்ய வேண்டும். அதற்குள் அச்சான தாள்களும் வீணாகும்.

தெரிந்து தெளிவோம்

தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி ஆகியவற்றின் முகப்பில் அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு கூறுகிறது. அச்சிட்டவர் அதன் படியொன்றை அலுவலர்க்கு அனுப்ப வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் அச்சானவை மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும். அச்சு என்பது பொறுப்பேற்றலும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள ஐந்து அச்சுப் பொருள்களைத் திரட்டி, அவை எம்முறையில் அச்சிடப்பட்டிருக்கலாம் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. அருகிலுள்ள அச்சகத்தில் விலைகளைக் கேட்டறிந்து, ஆஃப்செட்டும் டிஜிட்டலும் சமமாகும் படி எண்ணிக்கையைக் கணக்கிடுக.

3. பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழை உருவாக்கி, மெய்ப்புத் திருத்தி, அதற்கேற்ற அச்சுமுறையைப் பரிந்துரைக்க.